போர்ச் செய்தியாளர் செபாஸ்டியன் யங்கர் ஏன் ஆவணப்படம் எடுக்க வந்தார்?

வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதழியல் முதுகலை மாணவன் நான். போர்ச் செய்தியாளராக இருந்து ஆவணப்பட இயக்குநரான ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் பற்றிய பருவக் கட்டுரைக்காக அமெரிக்கரான செபாஸ்டியன் யங்கரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். தகவல்களைத் தொகுத்துவிட்டேன், அவற்றின் நடுவே ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் நிற்கிறது.

1962இல் பிறந்த யங்கர் பண்பாட்டு மானுடவியல் படித்தவர். உயரமான மரங்களில் ஏறிக் கிளை வெட்டும் வேலையைச் செய்துகொண்டே இதழ்களுக்கு எழுதிவந்தார். மரம் அறுக்கும் இயந்திர ரம்பம் காலில் பட்டுக் காயத்துடன் ஓய்வில் இருந்தபோதுதான் ஆபத்தான தொழில்களைப் பற்றி எழுதலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. புயலில் காணாமற்போன மீன்பிடிப் படகு ஒன்றைப் பற்றி 1997இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் விற்பனை கண்டது. அதற்கு முன்பே, 1993இல், எந்த நிறுவனத்தின் பணியிலும் இல்லாமல், போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த சரயேவோ நகருக்குத் தாமாகவே போய்ப் போர்ச் செய்தி சேகரிக்கும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். 2000இல் ஆப்கானிஸ்தானில் தாலிபான்களை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த அகமது ஷா மசூதுடன் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கி எழுதினார். மறுஆண்டு செப்டம்பர் 9 அன்று மசூத் கொல்லப்பட்டார்.

எழுத்தில் இவ்வளவு நிலைபெற்றுவிட்ட ஒருவர், 2007இல், தமது 45ஆம் வயதில், ‘வேனிட்டி ஃபேர்’ இதழுக்காக ஆப்கானிஸ்தானின் கோரெங்கல் பள்ளத்தாக்குக்குப் புறப்பட்டபோது வீடியோ கேமராவையும் ஏன் எடுத்துச் சென்றார்? ஒளிப்படக் கலைஞர் டிம் ஹெதரிங்டனுடன் சேர்ந்து அங்கே பதிவான காட்சிகளைக் கொண்டு அவர் இயக்கிய ‘ரெஸ்ட்ரெப்போ’ 2010இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்க ஆவணப்படங்களுக்கான பெரும் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் அந்தப் படத்தில் விவரிப்புக் குரல் இல்லை. தளபதிகளோ அமைச்சர்களோ ஆய்வாளர்களோ வந்து எதையும் விளக்குவதில்லை. ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று விளக்குவதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர் விளக்கத்தையே கைவிட்டது எப்படி? எழுத்தை விட்டுவிட்டுத் திரைக்கு வந்தார் என்று நான் எழுதலாமா? அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெட்டுமேசை எழுதியது:

அப்படி எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. ஆவணப்படத் தொகுப்பில் சில காலமாக வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: யங்கர் எழுத்தை விட்டுத் திரைக்கு வரவில்லை, ஒரே அனுபவத்தை இரண்டாகப் பிரித்து, சொல்லி விளங்க வைக்கக்கூடியதை நூலுக்கும், சொன்னால் கெட்டுப்போவதைப் படத்துக்கும் கொடுத்தார். நீங்கள் முடிச்சு என்று குறிப்பிடுவது இந்தப் பங்கீட்டைப் பார்த்தால் தானாகவே அவிழ்ந்துவிடும்.

2007 ஜூன் முதல் 2008 ஜூன் வரை, அமெரிக்கப் படையின் 173ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு அணி, குனர் மாகாணத்தின் கோரெங்கல் பள்ளத்தாக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. யங்கரும் ஹெதரிங்டனும் சில நேரம் சேர்ந்தும் பல நேரம் தனித்தனியாகவும் அங்கே போய்த் தங்கினார்கள். அந்த ஓராண்டிலிருந்து வெளிவந்தவற்றை எண்ணிப் பாருங்கள். ‘வேனிட்டி ஃபேர்’ கட்டுரைகள் வந்தன, ஏ.பி.சி. தொலைக்காட்சியின் ‘நைட்லைன்’ நிகழ்ச்சிக்குச் செய்திப் படம் போனது. களைப்பில் நெற்றியில் கை வைத்துச் சாய்ந்திருக்கும் படைவீரர் ஒருவரை ஹெதரிங்டன் எடுத்த ஒளிப்படம் 2007ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதை வென்றது. 2010இல் யங்கரின் ‘வார்’ என்ற நூலும் ‘ரெஸ்ட்ரெப்போ’ படமும் வெளியாயின. ஆகவே கோரெங்கலில் அவர் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேமராவைத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் திறந்தே இருந்தன.

‘வார்’ நூல் அச்சம், கொலை, அன்பு என்று மூன்று பகுதிகளாக அமைந்தது. ஆபத்தின்போது உடலில் என்ன நிகழ்கிறது, ஒரு குழுவுக்காக ஒருவன் உயிரைக் கொடுக்கத் துணிவது ஏன் என்பவற்றை அறிவியல் ஆய்வுகளின் துணையோடு அதில் பக்கம் பக்கமாக அலசுகிறார். பண்பாட்டு மானுடவியல் படித்தவரின் கை அங்கே நன்றாகவே தெரிகிறது. இத்தகைய விளக்கத்தைப் படத்தில் வைத்திருந்தால் ஒவ்வொரு காட்சியும் ஓர் ஆய்வுரைக்கான சான்றாகச் சுருங்கிப் போயிருக்கும். நூல் ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான் படத்தில் வாய் மூடியிருக்க அவரால் முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஒரே நிகழ்ச்சி இரண்டிலும் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யங்கர் பயணம் செய்த இராணுவ வண்டிக்கு அடியில் கண்ணிவெடி ஒன்று வெடித்தது. வீரர்கள் அமர்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே வெடிக்காமல் இயந்திரப் பகுதிக்கு அடியில் வெடித்ததால் உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். நூலில் அந்த நொடி இடைவெளி அவரை எப்படி ஆட்டிவைத்தது, பிந்தைய நாள்களில் மனம் எப்படி மாறி மாறி நிலை கொள்ளாமல் தவித்தது என்பதெல்லாம் விரிவாக வருகிறது. படத்திலோ வண்டி குலுங்குகிறது, புகை சூழ்கிறது, கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கேமராவைப் பிடித்திருப்பவர் இயக்குநர் என்று பார்வையாளருக்குச் சொல்லப்படுவதே இல்லை. செய்தியாளராக இருந்தவர் மறக்க வேண்டியிருந்தது எது என்று கேட்கலாம். நூலில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அந்த ‘நான்’ என்பதைத்தான்.

பதிவான காட்சிகள் சுமார் 150 மணி நேரம். படம் ஒன்றரை மணி நேரம். தொலைக்காட்சிச் செய்திக்குப் படம் பிடிப்பவர் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் கேமராவை அணைத்துவிடுவார், ஏனென்றால் அவருக்குத் தேவையான இரண்டு நிமிடம் கிடைத்துவிட்டது. இந்த இருவரும் அதற்குப் பிறகும் ஓடவிட்டார்கள். படத்தை நினைவில் வைத்திருப்பவர்களைக் கேட்டால், சண்டைக் காட்சிகளைவிட, கூடாரத்துக்குள் பொழுது போகாமல் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டும் பாட்டுக்கு ஆடிக்கொண்டும் இருக்கும் இளைஞர்களைத்தான் முதலில் சொல்வார்கள். செய்தி அறைக்கு இவற்றால் காசுக்குப் பயனில்லை. இதில் ஹெதரிங்டனின் பங்கு பெரிது என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். அவர் 2003இலேயே லைபீரியாவில் கிளர்ச்சிப் படையினருடன் சென்று ஆவணப்பட ஒளிப்பதிவு செய்தவர். படமெடுப்பில் அவரே முன்னோடி, யங்கர் அல்லர்.

மற்றொன்று: வீரர்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிச் சில மாதங்கள் கழித்து, இத்தாலியின் விசென்ஸாவில் உள்ள அவர்களுடைய படைத்தளத்தில், கறுப்புப் பின்னணியில் முகத்தை மட்டும் அருகில் வைத்து நேர்காணல்கள் பதிவு செய்யப்பட்டன. விவரிப்புக் குரல் இல்லாத குறையை நிரப்புபவை இவைதான். என்ன நடந்தது என்று கேட்டுப் பதில் கிடைத்ததும் அடுத்த கேள்விக்குப் போவது செய்தியாளரின் வழக்கம். இங்கே ஒருவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுச் சிரிக்க முயல்கிறார், கண்ணை வேறு பக்கம் திருப்புகிறார், கேமரா நகராமல் அங்கேயே நிற்கிறது. தொகுப்பவனுக்கு அந்த இடைவெளிகளே கிடைத்தற்கரியவை.

மறுகரை எழுதியது:

மேலே எழுதியவரின் பங்கீட்டு விளக்கம் அழகானது. ஆனால் அந்தப் பங்கீட்டில் யாருக்குப் பங்கே கிடைக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. கோரெங்கல் மக்கள்தான் அவர்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் சுற்றிலும் உள்ள பஷ்தூன்களிடமிருந்து வேறுபட்ட மொழி பேசும் சிறு சமூகத்தினர். தேவதாரு மரங்களை வெட்டி விற்பது அவர்களுடைய முதன்மை வருவாய். அரசின் மரத் தடைகளும், வணிகர்களுக்கு இடையிலான பழைய பகைகளும், அமெரிக்கப் படை உள்ளே நுழைந்த விதமும் சேர்ந்துதான் அந்த இடம் அவ்வளவு கொடிய போர்முனையானது. பள்ளத்தாக்கின் முதன்மை இராணுவ முகாமே உள்ளூர் மரவணிகர் ஒருவரின் மர அறுவை நிலையம் இருந்த இடத்தில் அமைக்கப்பட்டதுதான். இதையெல்லாம் பத்திரிகையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படத்தை மட்டும் பார்ப்பவருக்கோ மலைச்சரிவிலிருந்து காரணமில்லாமல் குண்டுகள் வருவதாகத்தான் தோன்றும். விளக்கத்தைக் கைவிடுவது நேர்மையின் அடையாளமாகப் பாராட்டப்படுகிறது. சில இடங்களில் அது வசதியும்கூட.

நியாயமாகச் சொன்னால், படத்தில் அவர்கள் முற்றிலும் இல்லாமல் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் வாரந்தோறும் முகாமுக்கு வந்து அதிகாரிகளுடன் அமர்ந்து பேசுகிறார்கள். முகாமின் முள்கம்பியில் சிக்கிய பசு ஒன்றை வீரர்கள் கொன்று தின்றுவிட, அதற்குரிய பணத்தைக் கேட்டு மூன்று பெரியவர்கள் வருகிறார்கள். பணம் தர முடியாது, பசுவின் எடைக்கு எடை அரிசியும் பருப்பும் சர்க்கரையும் தருகிறோம் என்று பதில் கிடைக்கிறது. அந்த ஆக்கிரமிப்பின் முழு உறவும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்பேன். 2007 அக்டோபர் மாதத் தாக்குதல் நடவடிக்கையில் வான்குண்டு வீச்சுக்குப் பிறகு காயம்பட்ட குழந்தைகளும் திரையில் வருகிறார்கள். ஆனால் படம் அவர்களுடன் தங்குவதில்லை. வீரர்களுடன் மலையேறிப் போய்விடுகிறது. படைப்பிரிவுடன் இணைந்து செல்லும் செய்தியாளர் அவர்களுடைய சோற்றைத் தின்று, அவர்களுடைய ஹெலிகாப்டரில் ஏறி, அவர்களுடைய துப்பாக்கியின் காவலில் தூங்குகிறார். வீரர்களின் அனுபவத்தை மட்டுமே காட்டப் போகிறோம் என்று இயக்குநர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள் என்பது உண்மைதான். அறிவித்துவிட்டதால் அது குறை இல்லாமற்போகாது.

ஒப்பிடுவதற்கு உக்ரைனியரான மிஸ்டிஸ்லாவ் செர்னோவை எடுத்துக்கொள்ளுங்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் வீடியோ செய்தியாளரான அவர், 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு மாரியுபோல் நகருக்குள் நுழைந்து, மார்ச் 15 வரை சக பணியாளர்களுடன் அங்கே இருந்தார். மார்ச் 9 அன்று மகப்பேறு மருத்துவமனை தாக்கப்பட்டதை உலகம் கண்டது அவர்கள் அனுப்பிய காட்சிகளால்தான். அந்த முற்றுகைக்குள்ளிருந்து அவர்களால் அனுப்ப முடிந்தது எடுத்ததில் சிறு பகுதியே. வெளியே கொண்டுவந்த மீதியிலிருந்து உருவானதுதான் ‘20 டேஸ் இன் மாரியுபோல்’. 2024இல் அது உக்ரைனுக்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. இந்தப் படத்தை எடுக்கும் நிலையே வந்திருக்கக் கூடாது என்ற பொருளில் அவர் மேடையில் பேசினார்.

அவருடைய வழி யங்கரின் வழிக்கு நேர் எதிரானது. அவருடைய சொந்தக் குரலே படத்தை நடத்திச் செல்கிறது. அவர் எடுத்த காட்சிகள் உலகத் தொலைக்காட்சிகளில் சில நொடிச் செய்தியாக ஓடுவதையும், ரஷ்யத் தரப்பு அவற்றைப் புனைவு என்று மறுப்பதையும் படத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறார். செய்தி எப்படிச் சுருங்குகிறது என்பதே அங்கே படத்தின் பகுதியாகிவிடுகிறது. அவரும் ஒரு தரப்பில் நிற்பவர்தான். ஆனால் குண்டு விழும் இடத்தில் நிற்பவர். உங்கள் கட்டுரையில் இந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்காவிட்டால் அது விருதுப் பட்டியலாக முடிந்துவிடும்.

வாசகன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பசு பற்றிய காட்சியை நான் வேடிக்கையாக மட்டுமே எடுத்துக்கொண்டு கடந்திருந்தேன். மேலும் ஒன்று கேட்க விரும்புகிறேன்: 2010க்குப் பிறகு அவர் தொடர்ந்து ஆவணப்படங்களை இயக்கியிருக்கிறார். அவற்றையும் இந்தப் பங்கீட்டுக்குள் அடக்க முடியுமா? இத்தகைய வாழ்க்கைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரியவில்லை.

நான்காம்தூண் எழுதியது:

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ‘ரெஸ்ட்ரெப்போ’ படத்தின் செலவில் பெரும்பகுதியை இருவரும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். நேஷனல் ஜியாகரஃபிக் பின்னரே வந்து சேர்ந்தது. இதழும் தொலைக்காட்சியும் தந்த பணி வாய்ப்புகள் பள்ளத்தாக்குக்குப் போய்வர வழிவிட்டன. விற்பனையில் சாதனை படைத்த நூல் ஒன்றை முன்பே எழுதியிருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். மாதச் சம்பளமும் இல்லாமல், நூல் வருமானமும் இல்லாமல் இதே பாதையில் கிளம்பும் இளைஞருக்கு யங்கர் நல்ல முன்மாதிரி அல்லர்.

‘வெட்டுமேசை’ அவர்களுடன் நான் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தொழில் மாற்றம் நிகழவே இல்லை என்கிறார். 2007க்கு அது பொருந்தும். ஆனால் மாற்றம் நிகழ்ந்தது, அதற்கு நாளும் உண்டு: 2011 ஏப்ரல் 20.

ஆஸ்கர் விழா அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று நடந்தது. இயக்குநர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள். அதன் பிறகு லிபியாவின் உள்நாட்டுப் போரைப் பற்றிய பணிக்கு இருவரும் சேர்ந்து போவதாக இருந்து, கடைசி நேரத்தில் யங்கரால் போக முடியாமற்போனது. ஹெதரிங்டன் மட்டும் போனார். ஏப்ரல் 20 அன்று மிஸ்ராட்டா நகரில் விழுந்த குண்டில் அவரும் ஒளிப்படச் செய்தியாளர் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் உயிரிழந்தார்கள். ஹெதரிங்டனுக்கு வயது 40. தொடைப் பகுதியில் பட்ட காயத்திலிருந்து இரத்தம் வடிந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்தார். உடன் இருந்தவர்களில் யாருக்காவது இரத்தப் போக்கைக் குறைக்கும் முறை தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்று யங்கர் பின்னர் அறிந்தார்.

அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். போர்முனைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். நிறுவன ஆதரவு இல்லாமல் போர்ப் பகுதிகளில் வேலை செய்யும் செய்தியாளர்களுக்கு இலவசமாக முதலுதவிப் பயிற்சி அளிக்கும் ‘ரிஸ்க்’ என்ற அமைப்பை 2012இல் தொடங்கினார். விருதுகளைவிட இதற்கு உங்கள் கட்டுரையில் அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பேன். பெரிய நிறுவனங்களின் பணியாளர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் கிடைத்துவிடுகின்றன. தனித்துச் செல்பவர்களுக்கோ ஆளுக்கொரு குண்டுதுளைக்காத அங்கி வாங்குவதே பெரும் செலவு. சரயேவோவுக்கு அப்படித் தனித்துப் போனவர் தொடங்கிய அமைப்பு அது.

இப்போது பிந்தைய படங்களைப் பாருங்கள். 2013இல் வந்தது ஹெதரிங்டனின் வாழ்க்கையையும் மரணத்தையும் பற்றிய படம். 2014இல் வந்த ‘தி லாஸ்ட் பேட்ரோல்’ படத்தில் யங்கர், கோரெங்கலில் இருந்த முன்னாள் வீரர் ஒருவர் உள்ளிட்ட சிலருடன் அமெரிக்க இரயில் பாதைகளின் ஓரமாகவே நடந்து போகிறார். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு ஏன் ஒட்டவில்லை என்பதே வழி நெடுகப் பேச்சு. அவர்களுடன் நடந்த ஒளிப்படக் கலைஞர் ஒருவர் மிஸ்ராட்டாவில் ஹெதரிங்டன் இறந்தபோது உடனிருந்தவர். ‘ரெஸ்ட்ரெப்போ’வில் கேமராவுக்குப் பின்னால் மறைந்து நின்றவர் இங்கே முன்னால் வந்து நடக்கிறார். 2017இல் நிக் குவெஸ்டெட்டுடன் சேர்ந்து இயக்கிய சிரியாவைப் பற்றிய ‘ஹெல் ஆன் எர்த்’ படத்தில் நிலைமை முற்றிலும் தலைகீழ். அவர் உள்ளே போகவில்லை. ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் பிடியிலிருந்து தப்ப முயன்ற சிரியக் குடும்பம் ஒன்று தானே பதிவு செய்த காட்சிகளும், பலர் எடுத்த காட்சிகளும், வல்லுநர்களின் விளக்கங்களும் சேர்ந்து அந்தப் படத்தை உருவாக்குகின்றன. ‘ரெஸ்ட்ரெப்போ’ வெளியே தள்ளிய விளக்கம் இங்கே வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டது. ‘மறுகரை’ கேட்ட, குண்டு விழும் இடத்தில் நிற்பவரின் பார்வையும் வந்திருக்கிறது. யங்கர் அங்கே நேரில் இல்லாததால்தான் அது சாத்தியமானது.

வெட்டுமேசை எழுதியது:

2011ஐப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன்; அதற்குப் பிந்தைய யங்கரை என் பங்கீட்டுக்குள் அடக்க முடியாதுதான். ஆனால் இடையில் ஒரு படம் விடுபட்டுவிட்டது. 2014இல் வந்த ‘கோரெங்கல்’ அதே பள்ளத்தாக்கில் பதிவான, முதல் படத்தில் இடம்பெறாத காட்சிகளிலிருந்தும் அதே நேர்காணல்களிலிருந்தும் உருவானது. இரண்டையும் தொகுத்தவர் மைக்கேல் லெவின். முதல் படம் பார்வையாளரைப் பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. இரண்டாவது படம் அச்சம் என்றால் என்ன, துணிவு என்றால் என்ன, கொன்றதைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய், போரில் எதை இழந்ததாக ஏங்குகிறாய் என்று தலைப்புத் தலைப்பாகக் கேட்கிறது. நூலின் கேள்விகள் நான்கு ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்து சேர்ந்தன. படமாக ‘கோரெங்கல்’ முதல் படத்தைவிட மெலிந்தது என்பது என் தனிப்பட்ட எண்ணம். உங்கள் கட்டுரைக்கு அதுவே அதிகம் உதவும்.

‘மறுகரை’ சொன்ன குறையை நான் மறுக்கவில்லை. அமெரிக்கப் படை 2010 ஏப்ரலில் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியது. அதற்குள் 40க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். இரண்டு படங்களிலும் வீரர்கள் தங்கள் தோழர்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். எதிரே இறந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர் இல்லை.

கட்டுரைக்கு ஒரு வழி சொல்கிறேன். 2007 அக்டோபர் நடவடிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிய ‘வேனிட்டி ஃபேர்’ கட்டுரை, ‘வார்’ நூலில் வரும் பகுதி, ‘ரெஸ்ட்ரெப்போ’ காட்சிகள், ‘கோரெங்கல்’ படத்தில் வீரர்கள் பின்னர் பேசுவது ஆகிய நான்கையும் அருகருகே வைத்து, எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஓர் அட்டவணை போடுங்கள். அந்த நடவடிக்கையில்தான் ஹெதரிங்டன் கால் எலும்பு முறிந்த நிலையில் இரவு முழுவதும் மலையிறங்கி நடந்தார். முதலில் அது எவற்றில் வருகிறது, எவற்றில் வரவில்லை என்று தேடிப் பாருங்கள்.